மின்னல் ஏழு ஸ்டிக்கர்

மொதல்லயே சொல்லிடறேன் பா. இதுல பாதி தணிகாசலம் அண்ணன் சொன்னது. மீதி பாதியும் அவரு சொன்னதுதான். நான் பக்கத்துல குந்திகினு கேட்டவன். அப்பால எங்கிட்ட வந்து ஆதாரம் இன்னா, சாட்சி யாருன்னு நோண்டக் கூடாது.

ரிச்சி ஸ்ட்ரீட்ல அண்ணனுக்கு ஒரு கட. பழைய கம்ப்யூட்டர வாங்கி, தூசி தட்டி, ஸ்டிக்கர் ஒட்டி விப்பாரு. கடைன்னதும் பெருசா நெனச்சிக்காதீங்க. உள்ள ஒருத்தர் தும்மணும்னா இன்னொருத்தர் வெளிய வந்து எடம் குடுக்கணும். அந்தக் கடப் படிக்கட்டுல நான் சார்ஜர், ஒயரு, ஹெட்போன் பரப்பி வெச்சிகினு கீறேன். பேரு டில்லிபாபு. படிப்பு கேக்குறீங்களா? அஞ்சாங் கிளாஸ்ல டீச்சர் "வெளிய போய் நில்லுடா"ன்னாங்க. இன்னும் உள்ள கூப்புடல.

போணி ஆவாம அண்ணன் சோத்துல கை வெக்க மாட்டாரு. அது அவரு வெச்சிருக்கிற வைராக்கியம். எங்க தெருவுல இன்னொரு சட்டமும் கீது. ஒரு நாளைக்கு மொத மொதல்ல கடைக்குள்ள கால் வெச்ச கஸ்டமரு இன்னா கேட்டாலும் இல்லன்னு சொல்லக் கூடாது. வெறுங்கையோட அனுப்பிட்டா அன்னிக்கி முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். இந்தச் சட்டத்த எழுதி வெச்சது யாருன்னு தெரியாது. ஆனா ஹெல்மெட் சட்டத்த விட இதுக்குதான் பயம் ஜாஸ்தி.

அன்னிக்கி மணி மூணாச்சு. போணி ஆவல. அண்ணி கட்டிக் குடுத்த கருவாட்டுக் கொழம்பு டப்பாக்குள்ளயே கீது. வாசன மட்டும் வெளிய வந்து எங்க ரெண்டு பேரையும் சாவடிக்குது. "இன்னும் போணி ஆவல, உன் மூஞ்சி படிக்கட்டுல இருந்தா எவன்டா உள்ள வருவான்"னு அண்ணன் என்ன திட்டிகினு இருந்தாரு. அப்போதான் அந்தம்மா வந்துச்சு.

பேரு வரலட்சுமி. கவரப்பேட்ட. ரயில்வே ஸ்டேஷன் எதுர்ல ஜெராக்ஸ் கட வெச்சிருக்குதாம்.

"அண்ணா, என் கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோ ணா. ஒருத்தர் பட்டா எடுக்க வந்தா, அது ஓப்பன் ஆவறதுக்குள்ள நெலத்தையே வித்துட்டுப் போயிடறாரு. பக்கத்துல புதுசா ஒருத்தன் கட போட்டுட்டான். என் கஸ்டமர் எல்லாம் அங்க போய் நிக்குது. இன்னிக்கு இதுக்கு ஒரு வழி பண்ணிட்டுதான் நான் ட்ரெயின் ஏறணும்."

அண்ணன் மூஞ்சில பல்பு எரிஞ்சிச்சு. ஒரு கம்ப்யூட்டர் பொட்டியத் தூக்கி மேஜ மேல வெச்சாரு. ஒயரச் சொருவுனாரு. சட்டக் கையாலயே தொடச்சாரு. பட்டன அமுக்குனாரு.

"இப்போ பாரு மா. கண்ண சிமிட்டாத. சிமிட்டுனா ஓப்பன் ஆவறத மிஸ் பண்ணிடுவ."

அந்தம்மா கண்ண சிமிட்டாம பாத்துச்சு. நானும் பாத்தேன். ஸ்கிரீன் நடுவுல ஒரு வட்டம் வந்து சுத்த ஆரம்பிச்சிச்சு. சுத்துச்சு. சுத்திகினே இருந்துச்சு. அந்தம்மாவுக்கு கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

"இன்னா ணா, சுத்துது?"

"சுத்துதா? சூடு பண்ணிக்குது மா. ரேஸ் குதுர ஓடறதுக்கு முன்னாடி ரவுண்டு அடிக்கும்ல, அந்த மாதிரி."

"குதுர ரவுண்டு அடிக்கிறதுக்குள்ள ரேஸு முடிஞ்சிடப் போவுது"ன்னேன் நான்.

"நீ ஒயர வித்துகினு வாய மூடு"ன்னாரு அண்ணன்.

அந்தம்மா பொட்டிய முன்னாடி குனிஞ்சு பாத்துச்சு. "இது இன்னா ணா, மூணு ஸ்டிக்கர் ஒட்டிருக்கு? மேல மின்னல் ஏழுன்னு கீது. அதுக்குக் கீழ அஞ்சு எட்டிப் பாக்குது. அதுக்கும் கீழ மூணு தெரியுது."

மின்னல்னா உள்ள இருக்கிற சில்லோட பேரு. பிராசஸர்னு சொல்றாங்களே, அதான். மூணுன்னா சுமாரு, அஞ்சுன்னா நல்லது, ஏழுன்னா பறக்கும்னு அந்தக் கம்பெனிக்காரன் ஊரு பூரா போஸ்டர் ஒட்டி வெச்சிருக்கான். பொட்டிக்குள்ள இன்னா கீதுன்னு எவனும் தொறந்து பாக்க மாட்டான், ஸ்டிக்கரப் பாத்துட்டு துட்டு குடுத்துடுவான். எங்க தெருவுல அந்த ஸ்டிக்கரு ரோலு ரோலா கெடைக்கும். வருஷா வருஷம் அண்ணன் பொட்டிய மாத்த மாட்டாரு, ஸ்டிக்கர மாத்துவாரு. பழச உரிக்க சோம்பேறித்தனம்.

"அதுவா மா?"ன்னாரு அண்ணன், கொஞ்சம் கூட அசராம. "இந்த மிஷின் மூணா பொறந்துச்சு. அஞ்சா வளந்துச்சு. ஏழா நிக்குது. அது இன்னும் வளந்துகினுதான் கீது. வாங்கிட்டுப் போய் வூட்ல வெச்சேன்னா பொங்கலுக்கு ஒம்போது ஆயிடும்."

"மூணு, அஞ்சு, ஏழு. நடுவுல ரெண்டு, நாலு, ஆறெல்லாம் எங்க ணா?"

"அவ்ளோ ஸ்பீடுல ஓடுனா எல்லாமே கூடவே வருமா? வழியில விழுந்துடுச்சு."

அந்தம்மா சிரிக்கல. கைய கட்டிகினு நின்னுச்சு. வட்டம் சுத்துச்சு.

"எங்க சித்தி பையன் மாதுளைதான் வாங்கணும்னு சொல்றான் ணா. கதவு சரியில்லயாம்."

மாதுளைன்னா ஒரு கம்பெனி, பொட்டி மேல பாதி தொறந்த மாதுளம்பழம் போட்டிருக்கும். கதவுன்னா இன்னொரு கம்பெனி, ஊர்ல இருக்கிற பொட்டில முக்காவாசி அவன் சாப்ட்வேர்தான் ஓடும். இந்த ரெண்டு கோஷ்டியும் கோயில் திருவிழால மொத மரியாதைக்கு அடிச்சிக்கிற மாதிரி அடிச்சிக்கும்.

"மாதுளை நல்லதுதான் மா"ன்னாரு அண்ணன். "நல்லா பளபளன்னு இருக்கும். ஆனா அத்த வாங்குனவன் வேல செய்ய மாட்டான். பழம் எதுர்ல உக்காந்தவனுக்குத் தெரியுதா, லைட்டு எரியுதான்னு எட்டி எட்டிப் பாத்துகினே இருப்பான். ஒயரு போச்சுன்னு வெச்சிக்கோ, அவங்க ஒயர்தான் சேரும். நம்ம டில்லி கிட்ட இருக்கிற ஒயரு எதுவும் அதுல போவாது."

"அதனால நான் அந்தக் கம்பெனிக்கு எதிரி"ன்னேன்.

"கதவு இன்னா பண்ணும்னா, நீ அவசரமா கெளம்பும்போதுதான் 'இருங்க, அப்டேட் பண்றேன், ஆஃப் பண்ணிடாதீங்க'ன்னும். மாமியாரு மாதிரி. இன்னொன்னு கீது, ஓசி சிஸ்டம். துட்டே கெடயாது. அத்த விக்கிறவன் யாரும் இல்ல. ஆனா வெச்சிருக்கிறவன் ஒருத்தன் மாட்டுனான்னா உன்ன வுட மாட்டான். பஸ்ஸ மிஸ் பண்ணிடுவ, அவன் பேச்சு முடியாது."

"அப்ப எதுதான் ணா நல்லது?"

அண்ணன் ஸ்டூல இழுத்துப் போட்டு குந்துனாரு. எனக்குப் புரிஞ்சிடுச்சு. அவரு குந்துனா புளுகுக் கப்பல் கெளம்பிடுச்சுன்னு அர்த்தம்.

"எத்த சொல்றது மா? ரெண்டுமே எனக்குப் புள்ளைங்க மாதிரி. பெத்தவன் கிட்ட வந்து எந்தப் புள்ள நல்ல புள்ளன்னு கேட்டா இன்னா சொல்லுவான்?"

"பெத்தவனா?"ன்னுச்சு அந்தம்மா.

"அப்போல்லாம் கம்ப்யூட்டர்னா கருப்பு ஸ்கிரீன்ல பச்ச எழுத்து ஓடும். அவ்ளோதான். ஜன்னலாவது, கட்டமாவது! ஒரு நாளு இந்தக் கடைக்கு ரெண்டு வெள்ளக்காரங்க வந்தாங்க. ஒருத்தன் மாதுளைக்காரன், இன்னொருத்தன் கதவுக்காரன். ஒயர பத்த வெக்கிற ஈயம் வாங்க வந்தவங்க. உள்ள ஒரே புழுக்கம். நான் இந்தச் செவுத்துல ஒரு ஜன்னல் போட்டிருந்தேன். நாலு மூலையும் கட்டமா, உள்ள பாத்தா தெரு தெரியும். மாதுளைக்காரன் வாயத் தொறந்தவன் மூடல. கதவுக்காரன் ஜன்னல் வழியா தலைய வுட்டவன் எடுக்கல. நான்தான் பின்னாடி புடிச்சு இழுத்தேன்."

"அந்த ஜன்னல் எங்க ணா?"ன்னு அந்தம்மா செவுத்தப் பாத்துச்சு. செவுத்துல ஜன்னலே கெடயாது. காலண்டர்தான் தொங்குது.

"அதான் மா, எடுத்துட்டுப் போயிட்டாங்களே! அத்ததானே இப்போ ஊரு பூரா ஸ்கிரீன்ல பாத்துகினு கீற!"

எனக்குப் பொற ஏறிடுச்சு. அண்ணன் நிறுத்தல.

"அதோட வுட்டாங்களா? நான் கட ஷட்டர எறக்குறத பாத்தாங்க. பாதி எறக்குனேன், அப்படியே சின்னதாக்கிக் கீழ வெச்சிகினாங்க. முழுசா தூக்குனேன், பெருசு பண்ற பட்டன் ஆயிடுச்சு. அந்த மூலையில பெருக்கல் குறி இருக்குதே, அமுக்குனா மூடிக்கும், அது எங்கேர்ந்து வந்துச்சு சொல்லு பாப்போம்?"

"எங்கேர்ந்து?"

"கார்ப்பரேஷன்காரன் போட்டது. படிக்கட்டு ரோட்டுல நீட்டிகினு இருக்குன்னு சொல்லி எங்க தெருவுல கட கடயா செவப்பு பெயிண்ட்ல பெருக்கல் குறி போட்டான். மறுநாளு பாத்தா குறி போட்ட எடமெல்லாம் காணோம். வெள்ளக்காரன் அசந்துட்டான். 'மிஸ்டர் தணிகாசலம், குறி போட்டா காணாம போயிடுமா?'ன்னான். 'ஆமாம் தொர, அதான் எங்க ஊரு டெக்னாலஜி'ன்னேன்."

"அப்போ குப்பத் தொட்டி?"ன்னு நான் எடுத்துக் குடுத்தேன். சும்மா இருக்க முடியுமா?

"தெரு முக்குல இருக்கிற தொட்டிதான். தூக்கிப் போட்டத திரும்பப் போய் எடுத்துக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. நெறஞ்சு வழியிற வரைக்கும் எவனும் காலி பண்ண மாட்டான். அப்படியே அச்சு அசலா காப்பி அடிச்சிட்டான். நாத்தத்த மட்டும் எடுத்துட்டுப் போவ முடியல. அதுக்கு இன்னும் அவங்க கிட்ட டெக்னாலஜி இல்ல."

வரலட்சுமி அம்மா மணியப் பாத்துச்சு. அப்பால வட்டத்தப் பாத்துச்சு. "அண்ணா, இது இன்னும் சுத்திகினேதான் கீது."

"வந்துடும் மா. கேளு, மேட்டரே இனிமேதான். ஊருக்குப் போனவங்க ரெண்டு பேரும் 'ஜன்னல் என்னுது', 'இல்ல என்னுது'ன்னு சண்ட. கோர்ட்டுல கேஸு. ஒருத்தன் மூலைய ரவுண்டா வெட்டிட்டானாம், இன்னொருத்தன் வெட்டக் கூடாதாம்."

"எங்க வூட்டு இட்லிக்கு மூலையே கெடயாது. நான் யாரு மேல கேஸு போடறது?"ன்னுச்சு அந்தம்மா.

"போட்டுடாத மா! போட்டா ரெண்டு கம்பெனியும் திவாலு. அப்புறம் இன்னா, சாட்சி சொல்ல என்ன வரச் சொல்லி ஆள் அனுப்புனாங்க. அமெரிக்காவுக்கு ப்ளைட்டு டிக்கெட்டும் அனுப்புனாங்க. நான் வேணாம்னுட்டேன். மவுஸ எடுத்தேன். ஸ்கிரீன்ல மேப்ப தொறந்தேன். அமெரிக்காவ அமுக்கிப் புடிச்சேன். அப்படியே இழுத்து ராயபுரம் பக்கத்துல வெச்சேன். மீன்பாடி வண்டில ஏறிப் போய் எறங்கிட்டேன்."

"ராயபுரத்துல யாருக்கும் தெரியலயா ணா?"ன்னேன்.

"மீனு வெல கொஞ்சம் ஏறுச்சு. வெள்ளக்காரங்க வந்து வாங்குனாங்கல்ல? ஏன்னுதான் அவங்களுக்குத் தெரியல."

அந்தம்மா இப்போதான் சிரிச்சுது. லேசா. அண்ணன் அத்தப் பாத்துட்டு ஸ்டூல இன்னும் கொஞ்சம் முன்னாடி இழுத்துகினாரு. சிரிச்ச கஸ்டமரு பாதி போணின்னு சொல்லுவாரு.

"கோர்ட்டுல ஜட்ஜி கேட்டாரு, 'தணிகாசலம், ஜன்னல் யாருது?' நான் ஜட்ஜி எதுர்ல போனேன். மேஜயில வலது மூலையில சாக்பீஸால ஒரு பெருக்கல் குறி போட்டேன். அவ்ளோதான். மேஜ காணோம். ஜட்ஜி காணோம். கோர்ட்டே காணோம். வெறும் நீலக் கலர்ல ஒரு தெரதான் நிக்குது. ரெண்டு கம்பெனி வக்கீலும் அழுவுறாங்க. அப்பால நான்தான் குப்பத் தொட்டியத் தொறந்து, ஜட்ஜிய வெளிய எடுத்து, கோட்ட தட்டி வுட்டு, சேர்ல உக்கார வெச்சேன். உக்காந்த உடனே தீர்ப்பு எழுதிட்டாரு. ஒலகத்துல எவன் ஜன்னலத் தொறந்தாலும் தணிகாசலத்துக்கு ராயல்டி."

"அவ்ளோ ராயல்டி வந்தும் ஏன் ணா ஃபேன் இல்லாத கடைல குந்திகினு கீறீங்க?"ன்னு அந்தம்மா கேட்டுச்சு. நான் பல நாளா கேக்கணும்னு நெனச்ச கேள்வி.

"வந்துகினே கீது மா. டவுன்லோடு ஆவுது. தொண்ணூத்தி ஒம்போதுல நிக்குது."

நான் எந்திரிச்சு நின்னு கும்புட்டேன். வேற இன்னா பண்றது?

அந்தம்மா பையத் தோள்ல மாட்டுச்சு. "கத நல்லாதான் ணா கீது. ஆனா எனக்கு ஜன்னலு வாணாம், ஸ்பீடுதான் வேணும். இது சுத்துற சுத்துக்கு நான் கவரப்பேட்ட போயே வந்துடுவேன்"னு சொல்லிட்டு படிக்கட்டுப் பக்கம் திரும்புச்சு.

அண்ணன் மூஞ்சி சுருங்கிடுச்சு. கருவாட்டு டப்பாவ ஒரு பார்வ பாத்தாரு. வாசல்ல போய் நின்னு ரெண்டு கையையும் விரிச்சாரு.

"ஸ்பீடு பத்தி எங்கிட்ட பேசுறியா மா? இந்த மின்னல் ஏழு இன்னான்னு உனக்குத் தெரியுமா? உள்ள இருக்கிற சில்லு மணல்ல செய்யறது. எந்த மணலு? பாலாத்து மணலு. நான் ஒரு லாரி அனுப்புனேன். அந்த மணலு அமெரிக்கா போற வழியிலயே கணக்கு போட ஆரம்பிச்சிடுச்சு. டிரைவர் கிட்ட 'நீ டீசலுக்கு எழுதுனது தப்பு'ன்னு சொல்லிடுச்சு."

"டிரைவர் இன்னா பண்ணான்?"

"பாதி மணல வழியிலயே கொட்டிட்டான். அதனாலதான் எல்லாருக்கும் ஏழு கெடைக்கல, சில பேருக்கு மூணுதான். அத்த வுடு. சில்லு கூட அப்புறம்தான் மா. இந்த ஸ்டிக்கர் கீது பாரு, இதுலதான் சூட்சுமமே கீது. ஒரு தடவ ஒரு ஸ்டிக்கரு கைலேர்ந்து தவறி எங்க வூட்டு கிரைண்டர்ல ஒட்டிகிச்சு. என் சம்சாரம் அரிசி ஊறப் போடறதுக்கு முன்னாடியே மாவு ரெடி. இட்லி வெந்து, தட்டுல வந்து, 'சட்னி எங்க'ன்னு கேட்டுச்சு."

"ம்ம்"னுச்சு அந்தம்மா. ஆனா திரும்பி நின்னுச்சு.

"என் மச்சான் ஒருத்தன் கீறான். கல்யாணத்துக்குக் கூட தூங்கிகினே வந்தவன். முதுவுல ஒண்ணு ஒட்டுனேன். மறுநாளே வேலைக்குப் போனான், சாயங்காலம் பிரமோஷன், ராத்திரி ரிட்டயர்டு. இப்போ பென்ஷன் வாங்கிகினு மறுபடியும் தூங்குறான்."

"அப்புறம்?"

"எதுர் வூட்டு பாயோட கோழி. அடைக்கு குந்துனது எழுந்திருக்கவே இல்லன்னு அந்தப் பாய் வந்து அழுதாரு. றெக்கையில ஒண்ணு ஒட்டி வுட்டேன். கொஞ்ச நேரத்துல குஞ்சு வந்துச்சு. குஞ்சு கோழி ஆச்சு. கோழி பிரியாணி ஆச்சு. பாய் மசாலா அரைக்கப் போயிருந்தவரு திரும்பி வந்து பாக்குறாரு, எல கழுவிப் போட்டு வெத்தல கூட ரெடியா கீது."

"பாவம் கோழி"ன்னேன்.

"கூவத்துல ஒண்ணு ஒட்டுனேன்! நாறிகினு தேங்கிக் கெடந்த தண்ணி பிச்சிகினு ஓடுச்சு. ஓடிப் போய் கடல்ல வுழுந்து, குளிச்சு, சுத்தமாயி, அதே வேகத்துல திரும்பி வந்து எங்க ஏரியா கொழாய்ல வந்துச்சு. அன்னிக்கி லாரித் தண்ணிக்காரன் எல்லாம் ஸ்ட்ரைக்கு. அப்பால நானே போய் ஸ்டிக்கர உரிச்சிட்டேன், அவங்களும் பொழைக்கணும்ல? இதுக்கெல்லாம் மேல, தோ அந்த காலண்டர்ல தெரியாம ஒட்டிட்டேன். ஆடி மாசம் படிக்கட்டு ஏறி வர்றதுக்குள்ள தீபாவளி வந்து உள்ள உக்காந்துடுச்சு. மழ எப்போ பெய்யறதுன்னு தெரியாம மேலயே நின்னுகினு கீது. டில்லி, ஆமாவா இல்லயா?"

"பட்டாசு கூட வாங்க முடியல ணா"ன்னேன். கருவாட்டுக் கொழம்புல எனக்கும் பங்கு கீதே.

வரலட்சுமி அம்மா திரும்ப உள்ள வந்துச்சு. மேஜ பக்கத்துல நின்னுச்சு. அந்த ஸ்டிக்கர வெரலால தடவிப் பாத்துச்சு. அண்ணன் எனக்கு கண்ணடிச்சாரு. டப்பா மூடியில ஒரு கை கூட வெச்சிட்டாரு.

"அண்ணா, நெஜமாவே ஸ்டிக்கர்லதான் எல்லாம் கீதா?"

"எல்லாமே அதுலதான் மா."

"பொட்டி பழசா இருந்தா கூட பரவால்லயா?"

"பொட்டி இன்னா மா பொட்டி! தகரம்! ஸ்டிக்கரு ஒட்டுனா தகர டப்பா கூட ராக்கெட்டு!"

"மூணா இருந்தது ஏழா வளந்துடும்?"

"பொங்கலுக்கு ஒம்போது!"

"அப்ப சரி ணா"ன்னு அந்தம்மா பையத் தொறந்துச்சு. "ஒரு ஸ்டிக்கர் குடுங்க."

அண்ணன் கை டப்பா மேலயே நின்னுச்சு. "ஸ்டிக்கரா?"

"ஆமா ணா. பொட்டிதான் எங்கிட்ட கீதே. அதுல ஒட்டிக்கிறேன். இத்த எதுக்கு ட்ரெயின்ல தூக்கிகினு போவணும்?"

"இல்ல மா... அது வந்து... வெறும் ஸ்டிக்கரு ஒட்டுனா ஆவாது மா. அதுக்கேத்த மிஷின் உள்ள இருக்கணும்..."

"கோழிக்குள்ள இன்னா மிஷின் ணா இருந்துச்சு?"

அண்ணன் என்னப் பாத்தாரு. நான் ஒயர சுத்த ஆரம்பிச்சிட்டேன்.

"குடுக்க மாட்டீங்களா ணா?"ன்னு அந்தம்மா கேட்டுச்சு. "நான்தானே மொத போணி? படியில உக்காந்திருக்கிற இவரு மூஞ்சி மேல நீங்க திட்டிகினு இருந்தது தெரு முக்கு வரைக்கும் கேட்டுச்சு. மொத போணி கேட்டத இல்லன்னு சொல்லியா அனுப்புவீங்க?"

அவ்ளோதான். தெருவே அந்தச் சட்டத்துல நிக்குது. இவரு மட்டும் மீற முடியுமா? அண்ணன் டிராயரத் தொறந்தாரு. ரோல எடுத்தாரு. ஒரே ஒரு மின்னல் ஏழு கிழிச்சாரு. பல்லு புடுங்குன மாதிரி மூஞ்ச வெச்சிகினு நீட்டுனாரு. அந்தம்மா ஒரு தேங்கா பத்தை வாங்குற காச அவரு கைல வெச்சிட்டு, ஸ்டிக்கர பர்ஸுக்குள்ள பத்திரமா வெச்சிகிச்சு.

படி எறங்கும்போது திரும்பி, "பக்கத்துக் கடக்காரன் கண்ணுல படற மாதிரி ஒட்டிடறேன் ணா. மத்தத ஸ்டிக்கரு பாத்துக்கும்"னுட்டு போயிடுச்சு.

அண்ணன் அந்தக் காச கண்ணுல ஒத்திகினு கல்லாவுல போட்டாரு. போணி போணிதானே. டப்பாவத் தொறந்து எனக்கும் ஒரு துண்டு வெச்சாரு. பாதி சாப்புட்டிருப்போம், பின்னாடி ஏதோ டிங்குன்னு சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா, வட்டம் நின்னு, ஸ்கிரீன் வந்துடுச்சு.

அண்ணன் கருவாட்டுக் கையோட எந்திரிச்சு நின்னாரு.

"பாத்தியாடா டில்லி, இன்னா ஸ்பீடு! அந்தம்மா ட்ரெயின் மொத ஸ்டேஷன் பேசின் பிரிட்ஜு கூட தாண்டியிருக்காது, அதுக்குள்ள ஓப்பன் ஆயிடுச்சு!"